பத்து நாள் அப்பாவோடு: ஊர் சுற்ற யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

பெங்களூரு கே.ஆர். புரத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மனைவியைப் பிரிந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, விவாகரத்து வழக்கு குடும்ப நல நீதிமன்றத்தில் நடக்கிறது. நான்காம் வகுப்பு படிக்கும் ஒன்பது வயது மகள் அல்சூரில் அம்மாவோடும் அம்மா வழித் தாத்தா பாட்டியோடும் இருக்கிறாள். மாதம் இரண்டு ஞாயிறு அப்பாவோடு, தசராவுக்கு மூன்று நாள், கோடை விடுமுறையில் தொடர்ந்து 10 நாள் என்று இடைக்கால உத்தரவு. "நீதிமன்ற அனுமதியின்றி குழந்தையை பெங்களூரு நகர எல்லைக்கு வெளியே அழைத்துச் செல்லக் கூடாது" என்று அதில் ஒரு வரியும் உண்டு.

அந்தப் பத்து நாள் ஏப்ரல் மூன்றாவது வாரம் தொடங்குகிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். ஓசூரிலிருந்து அக்கா குடும்பம் வந்துபோகும். கல்லூரி நண்பர்கள் மூன்று பேர் ஒயிட்ஃபீல்டில் குடும்பத்தோடு இருக்கிறார்கள், அவர்கள் வீடுகளுக்கும் போக வேண்டும். லால்பாக், கப்பன் பார்க், பன்னேர்கட்டா உயிரியல் பூங்கா, வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா, நந்தி மலை, கடைசியில் மூன்று நாள் ஊரில் அம்மன் கோயில் கொடை, அதாவது கோயில் திருவிழா. இந்தத் திட்டத்தை மனைவிக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். வந்த பதில்: அவளை நீங்கள் மட்டும்தான் வைத்திருக்க வேண்டும், நண்பர்கள் வீட்டுக்குக் கூட்டிப் போகக் கூடாது, உங்கள் அக்காவைப் பார்க்கவே கூடாது, மணிக்கு ஒரு தடவை லொகேஷன் அனுப்ப வேண்டும், போட்டோ எதுவும் போடக் கூடாது, மீறினால் போலீஸ்.

வாசகரின் கேள்விகள்: வெளியே போக மனைவியிடம் அனுமதி வாங்க வேண்டுமா? தசராவில் மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லி இரண்டு நாள் தரவில்லையே, அந்த இரண்டு நாளை இப்போது சேர்த்து வைத்துக்கொள்ளலாமா? இப்படி நடந்துகொள்பவருக்கு ஜீவனாம்சத்தை நிறுத்தினால் என்ன? மகளே "ஊருக்கு வரேன்ப்பா" என்று சொல்கிறாள், அது போதாதா?

உத்தரவில் இல்லாததை யாரும் சேர்க்க முடியாது

முதல் கேள்விக்கான பதில் உங்களுக்கு நிம்மதி தரும். அந்தப் பத்து நாளில் பெங்களூருக்குள் மகளை எங்கே அழைத்துப் போவது, யார் வீட்டில் சாப்பிடுவது, யாரோடு விளையாட விடுவது எல்லாம் உங்கள் முடிவு. தந்தை மட்டும்தான் உடனிருக்க வேண்டும் என்றோ, இன்னாரைச் சந்திக்கக் கூடாது என்றோ உங்கள் உத்தரவில் இல்லை. சில வழக்குகளில் நீதிபதிகள் அப்படி நிபந்தனை போடுவதுண்டு. கோர்ட் வளாகத்திலேயே ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு அனுப்பிவிட வேண்டும் என்றுகூட உத்தரவு வரும். உங்களுக்குப் பத்து நாள் இரவும் பகலும் தந்திருக்கிறார்கள். வாட்ஸப்பில் வந்த நிபந்தனைகள் உங்கள் மனைவியின் விருப்பங்கள், அவ்வளவுதான். அவை வேண்டும் என்றால் அவர் நீதிமன்றத்தில் மனு போட்டுத்தான் வாங்க வேண்டும்.

தாத்தா பாட்டிக்குப் பேரப்பிள்ளையைச் சந்திக்கத் தனியாகச் சட்டப்பிரிவு எதுவும் கிடையாது. ஆனால் மகள் உங்களோடு இருக்கும் நாட்களில் அவர்களும் உடனிருப்பதைத் தடுக்கிற எதுவும் இல்லை. அக்காவுக்கும் இதே பதில்தான். உத்தரவின் சான்றிட்ட நகல் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், போனில் ஒரு படம் இருக்கட்டும். போலீஸ் வந்தால் வாக்குவாதம் வேண்டாம், அதைக் காட்டினால் போதும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திருத்தியாக வேண்டும். "சட்டப்படி அப்பாதானே முதல் கார்டியன்" என்று எழுதியிருக்கிறீர்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து இளையோர் மற்றும் காப்பாளர் சட்டத்தில் தந்தையின் பெயர்தான் முதலில் வருகிறது, உண்மை. ஆனால் தந்தை உயிரோடு இருக்கும்போதே தாயும் இயற்கைக் காப்பாளராக இருக்க முடியும் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-இலேயே விளக்கிவிட்டது. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேலே என்கிறது. நீங்கள் "எனக்கு உரிமை" என்று பேசும்போது நீதிபதி "குழந்தைக்கு என்ன?" என்று கேட்பார். நீங்களும் அந்த இடத்திலிருந்தே பேசிப் பழகினால், இந்த வழக்கில் பாதிப் பிரச்சினை குறையும்.

நந்தி மலையும் ஓசூரும் நகர எல்லைக்குள் இல்லை

பலர் தெரியாமல் சிக்கிக்கொள்கிற இடம் இது. பெங்களூர்க்காரர்களுக்கு நந்தி மலை என்றால் ஞாயிறு விடிகாலை போய்விட்டு டிஃபனுக்குத் திரும்பிவிடுகிற இடம். வெளியூர்ப் பயணமாகவே மனதில் படாது. ஆனால் அது சிக்கபள்ளாபுரா மாவட்டம், நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். வொண்டர்லா மைசூர் ரோட்டில் பிடதி பக்கம், அதுவும் நகரத்தைத் தாண்டித்தான். ஓசூரோ தமிழ்நாடு. அத்திப்பள்ளி தாண்டினால் மாநிலமே மாறிவிடுகிறது. அக்கா உங்கள் வீட்டுக்கு வரலாம், மகளை அழைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்கு நீங்கள் போக முடியாது. சாதாரண நாளில் இதை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் வழக்கு நடக்கும்போது, ஒரு டோல் ரசீது அடுத்த வாய்தாவில் எதிர்த் தரப்பு மனுவோடு இணைப்பாக வந்துவிடும். அப்புறம் அடுத்த விடுமுறைக்கு நீங்கள் கேட்கும் எதற்கும் "போன தடவையே மீறினார்" என்ற பதில் காத்திருக்கும்.

பன்னேர்கட்டா நகர எல்லைக்குள் வருமா என்பது தெளிவில்லை, நகர எல்லை எது என்று உங்கள் உத்தரவு விளக்கவில்லை. இந்த மாதிரி இடங்களுக்கு நான் சொல்லும் வழி கூட்டு மெமோ. இரண்டு தரப்பு வழக்கறிஞர்களும் பேசி, "பன்னேர்கட்டா, வொண்டர்லா, நந்தி மலை ஆகிய இடங்களுக்கு ஒருநாள் பயணமாக அழைத்துச் சென்று அன்று மாலையே திரும்ப ஆட்சேபம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தாக்கல் செய்தால், நீதிபதி பதிவுசெய்துவிடுவார். மனைவி வாட்ஸப்பில் "சரி" என்று போட்டால் மட்டும் போதாது. நிபந்தனை போட்டது நீதிமன்றம், அதைத் தளர்த்த வேண்டியதும் நீதிமன்றம்தான்.

அப்புறம் நண்பர்கள் பைக்கில் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு ரவுண்டு அடிப்பது வழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட் கட்டாயம். ஒரு சின்னச் சிராய்ப்புகூட இந்தப் பத்து நாளில் பெரிய விஷயமாகும். வழக்கை விடுங்கள், அவள் தலைக்காகச் சொல்கிறேன்.

போன இரண்டு நாளைப் பிடித்துவைக்கலாமா?

கூடாது. உங்கள் ஆதங்கம் புரிகிறது. மூன்று நாள் என்று சொல்லி ஒரே நாள் தந்தால் எந்த அப்பாவுக்கும் மனசு ஆறாது. ஆனால் பத்தாம் நாள் மாலை 6 மணிக்கு ஒப்படைக்க வேண்டிய குழந்தையை பன்னிரண்டாம் நாள் ஒப்படைத்தால், உத்தரவை மீறியவர் நீங்கள். எதிர்த் தரப்பு நீதிமன்ற அவமதிப்பு மனு போடலாம், குழந்தையை நேரில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றத்துக்கே போகலாம். அவர் செய்த தவறு அதோடு மறைந்துபோகும்.

சரியான வழி, இழந்த நாட்களுக்கு ஈடு கேட்டு ஓர் இடைக்கால மனு. தசரா சமயத்தில் நடந்த வாட்ஸப் உரையாடலை அச்செடுத்து இணையுங்கள். காய்ச்சலுக்கு மருத்துவச் சீட்டு இருந்ததா என்று கேளுங்கள். இருந்தால் அந்த இரண்டு நாள் மாற்றித் தரப்படட்டும், இல்லாவிட்டால் நீதிபதியே அதைக் கவனிப்பார். நாட்களை ஈடுசெய்து தருவது நீதிமன்றத்துக்குப் பழக்கமான விஷயம்தான்.

ஜீவனாம்சத்தை நிறுத்துவது பற்றி இரண்டாவது யோசனையே வேண்டாம். பணம் வேறு, பார்ப்பது வேறு. மகளை அனுப்பவில்லை என்பதற்காக நீங்கள் பணத்தை நிறுத்தவும் முடியாது, பணம் வரவில்லை என்பதற்காக அவர் மகளை அனுப்பாமல் இருக்கவும் முடியாது. ஜீவனாம்ச உத்தரவை மதிக்காதவரின் சம்பளத்தைப் பிடிக்கவும், சிறைக்கு அனுப்பவும் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்தப் பணத்தில்தான் உங்கள் மகளின் ஸ்கூல் வேன் ஓடுகிறது.

அந்த மெசேஜில் நியாயமான பகுதி

உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு வரி: "மகளுக்கு வீசிங் உண்டு, இன்ஹேலர் இருக்கிறது." அதைப் படித்ததும் உங்கள் மனைவியின் மெசேஜ் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. லொகேஷன் கேட்பதும், கூட்டமான வீடுகளுக்கு வேண்டாம் என்பதும் முழுக்க முழுக்க உங்களைக் கட்டுப்படுத்தத்தானா? ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை மூச்சு இழுக்கும்போது எழுந்து உட்கார்ந்து இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயை முகத்தில் வைத்துப் பிடித்தவர், இந்தப் பத்து நாள் பக்கத்தில் இருக்க மாட்டார். அவருக்கு அந்தப் பயம் இருக்கும்தானே?

ஆகவே நீங்களே முந்திக்கொள்ளுங்கள். மகளுக்கு மருந்து தரும் டாக்டரை விடுமுறைக்கு முன்பே ஒருமுறை பாருங்கள். எந்த இன்ஹேலர் தினமும், எது இழுப்பு வந்தால் மட்டும், எத்தனை முறை, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். இன்ஹேலரும் ஸ்பேசரும் எங்கே போனாலும் உங்கள் தோள்பையில் இருக்கட்டும். ஏப்ரல் வெயிலில் பூட்டிய காருக்குள் இன்ஹேலரை விடக் கூடாது. அந்தத் தாளைப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பி, "இதைப் பார்த்துக்கொள்கிறேன், விட்டுப்போனது ஏதாவது இருந்தால் சொல்" என்று எழுதுங்கள். மணிக்கு ஒரு தடவை லொகேஷனை விட அது அவருக்கு ஆறுதல் தரும். நாளைக்கே நீதிபதி முன்னால் போனாலும் உங்களைப் பற்றி அது ஒன்றே நிறையச் சொல்லும்.

மணிக்கு ஒரு தடவை லொகேஷன் அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் தினமும் ஒரு போன், அது அவசியம். 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தையைப் பார்க்க முடியாத பெற்றோர் தினமும் ஐந்து பத்து நிமிடமாவது வீடியோ காலில் பேச வழி இருக்க வேண்டும் என்று சொன்னது. குழந்தைக்குத் தாய் தந்தை இருவரின் அன்பும் வேண்டும் என்பதே அதற்கு அடிப்படை. நீங்கள் இதுவரை அந்தத் தீர்ப்பை உங்களுக்காகப் படித்திருப்பீர்கள். இந்தப் பத்து நாள் பார்க்க முடியாதவர் அவர். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒரு நேரம் வைத்து, மகளிடம் போனைக் கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.

நண்பர்கள் வீடு, சொந்தக்காரர்கள், போட்டோ

நண்பர்களுக்கு முன்கூட்டியே போன் செய்து ஒன்றைச் சொல்லிவையுங்கள். மகளிடம் "அம்மா எப்படி இருக்கா? அங்கே என்ன சொல்றாங்க?" என்று யாரும் கேட்கக் கூடாது. நல்ல மனதோடுதான் கேட்பார்கள், ஆனால் ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாது. யார் பக்கம் பேசினாலும் இன்னொருவருக்குத் துரோகம் செய்தது போல அவளுக்கு இருக்கும். உங்கள் அக்காவிடம் இதை இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அக்காவுக்கும் உங்கள் மனைவிக்கும் நடந்த பேச்சுவார்த்தை பற்றி நீங்களே எழுதியிருப்பதை வைத்துச் சொல்கிறேன். அக்கா வரட்டும், அத்தையாக மட்டும் இருக்கட்டும்.

"உனக்கு யாரோடு இருக்கப் பிடிக்கும்?" என்று கேட்டு வீடியோ எடுக்கும் யோசனையை யார் தந்தாலும் கேட்காதீர்கள். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், விவரம் தெரிந்த வயதில் உள்ள குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது. அதுவும் ஓர் அம்சம்தான், அதுவே முடிவு அல்ல. அந்த விருப்பத்தை நீதிபதி தன் அறையில் குழந்தையைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பார். யார் சொல்லிக்கொடுத்தது, எது தானாக வந்தது என்பது கேட்பவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். "ஊருக்கு வரேன்ப்பா" என்று மகள் ஆசைப்படுவதைக் கேட்டு நீங்கள் சந்தோஷப்படலாம், அதை அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது.

போட்டோ எடுப்பதற்குத் தடை இல்லை. குடும்பத்துக்குள் பகிரலாம். பொதுவில் போடாமல் இருப்பது நல்லது. வழக்கு பற்றியோ, உத்தரவு பற்றியோ ஸ்டேட்டஸில் ஒரு வரிகூடப் போடக் கூடாது. திருமண வழக்குகள் மூடிய அறையில் நடக்க வேண்டும், அவற்றின் விவரத்தை வெளியிடக் கூடாது என்று இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவே சொல்கிறது.

பதினான்கு இடம் வேண்டாம்

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பத்து நாளுக்குப் பதினான்கு இடம் போட்டிருக்கிறீர்கள். இழந்த நாட்களையெல்லாம் ஒரே மூச்சில் ஈடுகட்டப் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. குடும்ப நல நீதிமன்றத்தில் நான் பார்த்த பிள்ளைகள் பலர் விடுமுறை பற்றிப் பேசும்போது ரைடுகளையோ மால்களையோ முதலில் சொல்வதில்லை. அப்பா தோசை சுட்டுத் தந்ததையும், அத்தை பையனோடு மொட்டை மாடியில் விளையாடியதையும் சொல்வார்கள். உங்கள் வீட்டில் அவளுக்கென்று ஒரு அலமாரித் தட்டு, ஒரு பல் துலக்கும் பிரஷ், வழக்கமாகத் தூங்கும் நேரம் எல்லாம் இருக்கட்டும். அடுத்த முறை அதிக நாள் கேட்கும்போது, குழந்தை உங்களிடம் இயல்பாக வாழ்கிறாள் என்பதைவிட வலுவான வாதம் உங்கள் வழக்கறிஞருக்குக் கிடைக்காது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெளியே போங்கள். லால்பாக் பாறை மேல் தாத்தாவோடு காலையில் ஏறுங்கள். காலடியில் இருப்பது சுமார் 300 கோடி ஆண்டு பழைய பாறை என்று சொல்லிப் பாருங்கள், ஒன்பது வயதுக்கு அது பெரிய ஆச்சரியம். இன்னொரு நாள் கே.ஆர். புரத்தில் மெட்ரோ ஏறினால் நேரே கப்பன் பார்க். பக்கத்திலேயே கஸ்தூர்பா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகம், வெயில் ஏறியதும் உள்ளே போய்விடலாம். பன்னேர்கட்டாவுக்கு அனுமதி கிடைத்தால் செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை. அல்சூர் ஏரிக் கரையில் 1991-இலிருந்து 18 வருடம் மூடியே கிடந்து 2009-இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையை உங்கள் அப்பா பார்க்க ஆசைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அங்கே போகும் அன்று மட்டும், அவள் அம்மா வீட்டுக்குப் பக்கம் என்பதால், முன்கூட்டியே மனைவிக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். வழியில் எதிரே பார்த்துக்கொண்டால் மகள் தடுமாறாமல் இருக்க அது உதவும்.

ஊர்க் கொடைக்கு இப்போதே மனு

கொடைக்குப் போவதென்றால் மாநிலம் தாண்டி மூன்று நாள். கூட்டு மெமோவுக்கு மனைவி சம்மதித்தால் நல்லது, இல்லாவிட்டால் தனி மனுதான். நீதிமன்றங்களுக்கும் கோடை விடுமுறை வரும், எதிர்த் தரப்பு ஆட்சேபம் சொல்லவும் அவகாசம் கேட்பார்கள். அதனால் ஏப்ரல் வரை காத்திருக்காமல் இந்த வாரமே தாக்கல் செய்யச் சொல்லுங்கள். போகவர ரயில் டிக்கெட், தங்கும் வீட்டின் முகவரி, உடன் வருபவர்கள் யார், அருகில் உள்ள ஆஸ்பத்திரி, டாக்டர் எழுதித் தந்த தாள், தினமும் அம்மாவோடு பேச வைப்பதாக ஓர் உறுதிமொழி, எல்லாம் மனுவோடு இருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட் ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய நாளாக இருக்கட்டும். ரயில் தாமதமானால் அந்தத் தவறும் உங்கள் தலையில்தான் விழும். கூட்டம், வேட்டுப் புகை, தூசி எல்லாம் வீசிங் உள்ள குழந்தைக்கு ஆகாது என்று மறு தரப்பு சொல்லும். அது நியாயமான ஆட்சேபம்தான். மூன்று நாளையும் கேட்காமல், பகலில் பொங்கலிடும் ஒரு நாளுக்கு மட்டும் கேட்டால் அனுமதி கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

அனுமதி வராவிட்டால் இந்த வருடம் மகள் இல்லாமல்தான் கொடை. உங்கள் அம்மா பேத்திக்குப் பட்டுப்பாவாடை எடுத்து வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மனு என்ன ஆகும் என்று தெரியாது என்பதை அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பாவாடையைப் பெங்களூருக்கே கொண்டுவரச் சொல்லுங்கள், அல்சூர் முருகன் கோயிலுக்குப் போகும்போது உடுத்திவிடலாம்.